காவிரிக்கரையில் ஒரு புல்லட்டும் ஒரு யெஸ்டியும்

திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் ஒரு பழைய வண்டியின் குணத்தை அறிய இதைவிட நல்ல பாதை கிடைப்பது அரிது என்பது என் கட்சி. பாலக்கரையில் நெரிசல், காந்தி மார்க்கெட்டில் வெங்காய லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போவது, மெயின்கார்டு கேட் பக்கம் நூறடிக்கு ஒரு பிரேக், சத்திரம் பேருந்து நிலையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பஸ். எல்லாவற்றையும் தாண்டினால் காவிரிப் பாலத்தில் சட்டென்று வெட்டவெளியும் காற்றும். ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்துவிட்டால் மாடு, பூக்கூடை, வழி கேட்கும் வேன். வண்டி எதிர்கொள்ள வேண்டிய அத்தனை சோதனையும் அரை மணி நேரத்தில் வந்து போய்விடும்.

வண்டிகள் இரண்டு. என்னுடையது புல்லட் 350, எண்பதுகளின் நடுவில் திருவொற்றியூரில் செய்தது, வார்ப்பிரும்பு இன்ஜின். சித்தப்பாவுடையது அதே காலத்து யெஸ்டி ரோட்கிங், மைசூரில் செய்தது. அவர் ‘பெல்’லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பாய்லர் தொழிற்சாலையில் இருந்தவர் என்பதால் எதையும் எண்ணில் சொன்னால்தான் நம்புவார். வண்டியோடு வந்த கையேட்டை இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். கார்புரேட்டர் சுத்தம் செய்ய யெஸ்டியைப் பாலக்கரை மெக்கானிக்கிடம் விட்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டு இருவருமாக ஸ்ரீரங்கம் போய், அங்கிருந்து கல்லணை வரை ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. எது நல்ல வண்டி என்ற வழக்கு எங்களுக்குள் பல வருஷமாக நடந்துவருகிறது. கையேட்டில் இருக்கும் எண்களை வைத்தே அது தீர்ந்துவிடும் என்பது அவர் கட்சி.

அந்த எண்களையே முதலில் பார்த்துவிடலாம். புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. கொள்ளளவு 346 சி.சி. யெஸ்டிக்கு 65, 75. கிட்டத்தட்ட 249 சி.சி. புல்லட் கொடுப்பது 18 குதிரைச் சக்தி, ரோட்கிங் கொடுப்பது 16. நூறு சி.சி. குறைவான இன்ஜின் இரண்டே குதிரை பின்தங்கியிருக்கிறது. காரணம் எளிது. புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறை வெடிக்கும். யெஸ்டி டூ ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால் புல்லட்டில் 1500 வெடிப்பு, யெஸ்டியில் 3000. புல்லட்டின் ‘தட் தட்’டை ஒவ்வொன்றாக எண்ண முடிவதும், யெஸ்டியின் சத்தம் ஒரே இழையாகக் கேட்பதும் இதனால்தான். ஒரே சிலிண்டருக்கு யெஸ்டியில் இரண்டு சைலன்சர் இருப்பதைப் பார்த்து இரண்டு சிலிண்டர் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எடையில் புல்லட் 163 கிலோ பக்கம், யெஸ்டி 140 பக்கம். சித்தப்பாவின் துருப்புச்சீட்டு இதுதான். சக்தியை எடையால் வகுத்தால் புல்லட்டுக்கு டன்னுக்கு 110 குதிரை, யெஸ்டிக்கு 114. “பார்த்தியா, உன் யானையைவிட என் குதிரை மேல்” என்பார். நானும் பல காலம் இதற்கு மறுமொழி தெரியாமல்தான் இருந்தேன். பிறகு ஒரு நாள் கணக்கில் ஆளையும் ஏற்றிப் பார்த்தேன். 75 கிலோ எடையுள்ள ஒருவர் உட்கார்ந்தால் புல்லட் 75.6, யெஸ்டி 74.4. பின்னால் இன்னொருவரும் உட்கார்ந்தால் புல்லட் 57.5, யெஸ்டி 55.2. ஆளில்லாமல் ஷெட்டில் நிற்கிறவரைதான் யெஸ்டி முந்துகிறது. ஆள் ஏற ஏற புல்லட் முன்னே போகிறது. இதைச் சொன்னபோது சித்தப்பா கையேட்டை மூடி உறைக்குள் வைத்துவிட்டு, “ரோட்டில் பார்க்கலாம் வா” என்றார்.

ரோட்டுக்கு வரும் முன் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பாலக்கரைக் கடை வாசலில் இரண்டு வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோது பட்டறைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். புல்லட்டுக்குச் சாவியைத் திருகி, ஹெட்லைட் கூண்டின் மேலுள்ள அம்மீட்டரில் முள்ளைப் பார்க்க வேண்டும். கிக்கரை மெதுவாக அமுக்கினால் முள் ஒரு பக்கம் சாயும். பாயின்ட் திறக்கிற இடத்தில் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சி தாண்ட ஒரு விரற்கடை நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு, முழு உடம்பு எடையோடு ஒரே உதை. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும்; அந்த அடியில் கணுக்கால் வீங்கியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. யெஸ்டியில் இந்தச் சடங்கு எதுவும் இல்லை. இடப்பக்கம் இருக்கும் கியர் லீவரையே உள்ளே தள்ளி மேல்நோக்கித் திருப்பினால் அதுதான் கிக்கர். செருப்புக் காலால் ஒரு தட்டு. வண்டி உயிர் பெற்றதும் அதே லீவரைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டால் மறுபடி கியர். செக்கோஸ்லோவாகியாவில் ஜாவா வண்டியை வடிவமைத்தவர்கள் ஒரு பாகத்தை மிச்சப்படுத்திய விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

காந்தி மார்க்கெட் வரும்வரை யெஸ்டிக்கே வெற்றி. கியர் லீவரைக் காலால் அமுக்கும்போதே கிளட்ச் தானாக விலகிக்கொடுக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. நகர்ந்துகொண்டிருக்கும்போது கியர் மாற்ற இடது கையைத் தொந்தரவு செய்யவே வேண்டாம். எனக்கோ புல்லட்டின் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு விண்ணென்றது. ஆனால் சத்திரம் சிக்னலில் நிலைமை மாறியது. புல்லட்டில் கியர் லீவருக்குப் பின்னால் குட்டியாக இன்னொரு லீவர் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு, எந்த கியரில் இருந்தாலும் குதிகாலால் அதை ஒரு அமுக்கு. வண்டி நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். இன்றைய எந்த பைக்கிலும் இது இல்லை, ஏன் கைவிட்டார்கள் என்று எனக்குப் புரிவதும் இல்லை. சித்தப்பாவின் வண்டியோ அதற்குள் இருமத் தொடங்கியிருந்தது. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் இன்ஜின், ஊர்ந்துகொண்டே இருந்தால் பிளக்கில் கரி படியும். அவர் பதற்றப்படவில்லை. ஓரமாக நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து பழைய கர்சீப்பில் சுற்றிய இன்னொரு பிளக்கை எடுத்து மாட்டிவிட்டு, கழற்றியதை உப்புத்தாளில் தேய்த்து அதே கர்சீப்பில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். முழு வேலையும் ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் முடிந்தது.

காவிரிப் பாலம் 1976இல் கட்டியது. 2022 செப்டம்பரில் மராமத்துக்காக மூடி, அடுத்த ஆண்டுதான் திறந்தார்கள். அந்த மாதங்களில் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சுற்றிப் போன கதையைச் சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது. பாலத்தில் ஏறியதும் ஒரு டவுன் பஸ்ஸை முந்த வேண்டியிருந்தது. சித்தப்பா ஆக்ஸிலேட்டரைத் திருகிய கணமே யெஸ்டி பாய்ந்து போய்விட்டது. நான் திருகிய பிறகு புல்லட் ஒரு கணம் யோசித்தது. கனமான ஃப்ளைவீல் சுற்று ஏறிய பிறகுதான் இழுவை வந்தது. ஆனால் வந்த இழுவை நிற்கவில்லை. மாம்பழச்சாலை இறக்கத்தில் எதிர்பாராமல் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தபோது நான் ஆக்ஸிலேட்டரை விட்டதிலேயே பாதி வேகம் குறைந்தது. சித்தப்பா இரண்டு பிரேக்கையும் பிடித்தார். டூ ஸ்ட்ரோக்கில் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வண்டி பிடித்து இழுக்காது, தன்பாட்டுக்கு உருண்டுகொண்டே போகும். இரண்டிலும் டிரம் பிரேக்தான் என்பதால் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அம்மா மண்டபம் ரோட்டில் வேகத்துக்கு வேலையில்லை. ஈர வேட்டியோடு படித்துறையிலிருந்து வருகிறவர்கள் நடுரோட்டில்தான் நடப்பார்கள். நேரே முன்னால் ராஜகோபுரம். நானூறு வருஷத்துக்கு மேல் அடிநிலையோடு நின்றிருந்ததை அகோபில மடத்து ஜீயர் முன்னின்று 13 நிலையாக எழுப்பி, 1987இல் கும்பாபிஷேகம் செய்தார், 236 அடி. சித்தப்பா யெஸ்டி வாங்கிய புதிதில் கோபுரத்தில் இன்னும் சாரம் கட்டியிருந்தது என்பார். அவர் வீடு சித்திரை வீதியில். திண்ணையில் உட்கார்ந்து சித்தி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே வழக்கு தொடர்ந்தது.

ஸ்ரீரங்கத்தில் வாகனங்களை ஒப்பிடுவது புதிய பொழுதுபோக்கும் அல்ல. உற்சவத்தில் பெருமாளுக்கு நாளொரு வாகனம்: கருடன், யானை, அனுமந்தன், குதிரை. வைகுண்ட ஏகாதசி இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறியின்போது மணல்வெளியில் குதிரை வாகனத்தில் நம்பெருமாள் வையாளி கண்டருள்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரக்குதிரை அதே குதிரைதான். ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள் முன்னே ஓடி, சட்டென்று நின்று, பின்வாங்கி, வளைந்து திரும்புவதில்தான் அது குதிரை ஆகிறது. பார்க்கிறவர்களும் வாகனத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள், இந்த வருஷம் நடை எப்படி என்றுதான் பேசுவார்கள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். “அப்போ நீ ஒத்துக்கிறே, ஓட்டுறவன்தான் முக்கியம்னு” என்று தன் பக்கம் ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

அவர் சொல்லும் இன்னொரு வாதம் எண்ணில் அடங்காதது. யெஸ்டி பிறந்த மைசூருக்குப் பக்கத்தில், காவிரி நடுவே இருக்கிறது ஆதிரங்கமான ஸ்ரீரங்கப்பட்டணம். அதே காவிரி ஓடி வந்து அணைக்கிற கடைசி ரங்கம் இந்த ஊர். ஆகையால் தன் வண்டி ஆற்றோடு வந்த சொந்தக்காரன், என் வண்டி திருவொற்றியூர்க் கடற்கரையிலிருந்து வந்த அயலான். இதற்கு நான் என்ன மறுப்புச் சொல்ல? ஆனால் சரித்திரம் பேசினால் எனக்கும் சரக்கு உண்டு. மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து ராயல் என்ஃபீல்டு திருவொற்றியூரில் கால் வைத்தது 1955இல், ராணுவத்தின் தேவையை நம்பி. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடியே போன பிறகும் இங்கே அதே புல்லட் அச்சு மாறாமல் வந்துகொண்டிருந்தது. வார்ப்பிரும்பு இன்ஜின் 2010 வாக்கில்தான் ஓய்ந்தது. மைசூரில் ருஸ்தம் இரானி குடும்பத்தார் 1960இல் தொடங்கிய ஐடியல் ஜாவா, எழுபதுகளில் யெஸ்டி என்று பெயரை மாற்றி, 1996இல் கதவைச் சாத்திவிட்டது. பெயர்கள் இரண்டும் இப்போது மறுபடி கடைக்கு வந்திருக்கின்றன, வேறு முதலாளி, வேறு இன்ஜின்.

பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு இந்தத் தேதிகள் குதிரைச் சக்தியைவிட முக்கியம். புல்லட்டுக்கு ஒரு பிஸ்டன் ரிங்கோ கிளட்ச் பிளேட்டோ வேண்டுமானால் பாலக்கரையில் நாலு கடை ஏறி இறங்கினால் கிடைக்கும். யெஸ்டிக்கு யாரோ ஒருவர் லேத்தில் கடைந்து தர வேண்டும், அல்லது மைசூரிலும் பெங்களூரிலும் இருக்கும் ஆர்வலர்களிடம் கேட்டுக் கூரியரில் வரவழைக்க வேண்டும். முந்திய வருஷம் ஒரு ஆயில் சீலுக்காக சித்தப்பாவின் வண்டி மாதக்கணக்கில் திண்ணையோரம் நின்றது. ஓடாத வண்டிக்கு என்ன பிக்கப்?

சாயங்காலம் திருவானைக்காவலில் வண்டிகளை மாற்றிக்கொண்டோம். இங்கே கவனம் வேண்டும். புல்லட்டில் கியர் வலது கால், ஒன்று மேலே, மற்றது கீழே. பிரேக் இடது கால். யெஸ்டியில் எல்லாம் தலைகீழ். அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்குப் போனால் பிரேக் பிடிப்பதற்குப் பதில் கியர் விழும். முதல் இரண்டு கிலோமீட்டர் இருவரும் பேசவில்லை.

கல்லணை ரோடு கிழக்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே போகிறது. உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்ப் பெயர்கள். இரண்டு பக்கமும் வாழை. ரோடு குறுகல், ஆனால் நிழல். யெஸ்டியின் 18 அங்குலச் சக்கரம் குழிக்குக் குழி வளைந்து கொடுத்தது. இருபத்து மூன்று கிலோ இளைத்த வண்டி என்பதை வளைவில்தான் உடம்பு உணர்கிறது. தனியாக, அவசரமில்லாமல், வாழைத் தோப்புக்கு நடுவே போக இதைவிடச் சுகமான வண்டி எனக்குக் கிடைத்ததில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஐம்பதைத் தாண்டினால் கைப்பிடியில் ஒரு துடிப்பு வந்தது, அறுபதில் அது மறைந்தது. கண்ணாடியில் நீலப் புகை. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முந்திப் போனார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 

சித்தப்பா புல்லட்டில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பதினைந்து நிமிஷத்தில் அவர் முதுகு நிமிர்ந்துவிட்டதைப் பின்னாலிருந்து பார்த்தேன். புல்லட் அப்படி உட்கார வைக்கும். 19 அங்குலச் சக்கரமும் எடையும் சேர்ந்து, பஸ் விட்டுப் போன காற்றிலும் வண்டி அசையாமல் கோடு பிடித்து ஓடும். கல்லணையில் இறங்கியதும் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “நாலாவது கியரில் போட்டுட்டா மாத்தவே வேண்டாம் போலிருக்கே.” நீண்ட ஸ்ட்ரோக்கின் பலன் அதுதான். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றை ஒட்டியே புல்லட்டின் முழு இழுவையும் கிடைத்துவிடும். பதினெட்டுக் குதிரை என்ற எண் கிடைப்பதோ 5625 சுற்றில். அந்தச் சுற்று வரை முறுக்கி நான் என் வண்டியை ஓட்டியதே இல்லை. என்னைப் போன்ற யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள். நாம் ஒப்பிட்டுச் சண்டை போடும் எண், நாம் போகாத வேகத்தின் எண்.

கல்லணையின் மேல் கரிகாலன் சிலைப் பக்கம் வறுத்த கடலை தின்றுவிட்டு, தென்கரை வழியாகத் திருவெறும்பூர் வந்தோம். சித்தப்பா முப்பது வருஷம் ஷிஃப்டுக்குப் போய்வந்த பிரதேசம். ஒவ்வொரு டீக்கடைக்கும் ஒரு பழைய பெயர் வைத்திருக்கிறார். அங்கே ஒரு பங்க்கில் இரண்டு வண்டியையும், காலையில் நிரப்பிய அளவுக்கே, மறுபடி நிரப்பினோம். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் உப்ப வைக்கும். பாலக்கரையில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டி வந்ததே இதனால்தான் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். இந்த விஷயத்தில் இரண்டு வண்டியும் ஒரே கட்சி. வாரக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்து வைப்பது என்று நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் முடிவு செய்தோம்.

டூ டி ஆயில் கேட்டபோது பங்க் பையன் புரியாமல் பார்த்தான். சித்தப்பா தன் பெட்டியிலிருந்தே பாட்டிலை எடுத்து, லிட்டருக்கு 35 மில்லி கணக்கில் மூடியால் அளந்து ஊற்றி, வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டிக் கலக்கினார். கணக்குப் போட்டோம். புல்லட் லிட்டருக்கு முப்பதுக்கு மேல் கொடுத்திருந்தது. யெஸ்டி இருபத்தைந்தை ஒட்டி நின்றது. ஆயில் விலையையும் சேர்த்தால் யெஸ்டியின் கிலோமீட்டர் செலவு இன்னும் ஏறும் என்றேன்.

“ஆயிலை மைலேஜில் சேர்க்கக் கூடாதுடா. அது வைத்தியச் செலவு.”

நான் சேர்த்துத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.